இக்கரை அணியும் காது கேளாத காட்டெருமையும்

ஒரு காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கால்பந்து அணி இருந்தது. அந்தக் கரையிலும் ஓர் அணி இருந்தது. காட்டுக்கொடிகளை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்வார்கள். எதிரணியின் பக்கம் நிற்கும் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே அதை உதைத்து அனுப்பினால் ஒரு கோல்.

வருஷத்துக்கு ஒரே ஒரு போட்டிதான். ஆனால் அந்த ஒரு போட்டிக்காகக் காடே காத்திருக்கும். ஏனென்றால் கோடையில் ஆறு வற்றிவிடும். ஆழமான ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். போட்டியில் ஜெயித்த கரை காலையில் போய்த் தெளிந்த நீரைக் குடிக்கும். தோற்ற கரை மத்தியானத்துக்கு மேல்தான் போக வேண்டும். அதற்குள் எத்தனையோ கால்கள் இறங்கிக் கலக்கி, மடு சேறாகியிருக்கும்.

இக்கரை மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

போன கோடையில் புள்ளிமானின் குட்டி அந்தச் சேற்றுத் தண்ணீரைக் குடித்து, வயிறு கெட்டுப் படுத்துவிட்டது. மழை வந்த பிறகுதான் எழுந்து நின்றது. அதன் கால்கள் இன்னமும் ஈர்க்குச்சிபோல இருந்தன. இன்னொரு கோடையை அது தாங்குமா? தாய் மானுக்கு அதே கவலை.

அணியின் பயிற்சியாளராக இருந்த சிறுத்தை வேலையை விட்டுப் போய்விட்டது. சிறுத்தை திறமைசாலிதான். ஆனால் அது பயிற்சிக்கு வந்து நின்றாலே போதும், முயல் பந்தை விட்டுவிட்டுப் புதருக்குள் ஓடிவிடும்.

அப்போது ஒரு காட்டெருமை இக்கரைக்கு வந்து தங்கியிருந்தது. மலைக்காட்டில் பல அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஜெயிக்க வைத்த காட்டெருமை. இப்போது அதற்கு வயதாகிவிட்டது. ஒரு கொம்பு பாதி உடைந்திருந்தது. காது சுத்தமாகக் கேட்காது. எதிரில் நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

"இவரைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளலாமா?" என்று முடிவு செய்ய, இக்கரை ரசிகர்கள் எல்லாரும் நாவல் மரத்தடியில் கூடினார்கள். நரி தலைமை தாங்கியது. நரியை எப்போதும் தலைவராக்குவார்கள். ஏனென்றால் அது 'சரி' என்றும் சொல்லாது, 'வேண்டாம்' என்றும் சொல்லாது.

காகம்தான் முதலில் கத்தியது. "வேண்டவே வேண்டாம்! அவருக்கு என்ன வயது தெரியுமா? என் தாத்தா முட்டைக்குள் இருந்தபோதே அவருக்குக் கொம்பு முளைத்துவிட்டது!"

"இருக்கட்டுமே," என்றது கரடி. "அவர் கையில் எடுத்த அணி எது தோற்றது, சொல்லு பார்க்கலாம்? பாறைக்காட்டு அணியை ஜெயிக்க வைத்தார். மூங்கில்காட்டு அணியை ஜெயிக்க வைத்தார்."

"அதெல்லாம் விளாங்காயை உதைத்து விளையாடிய காலம், கரடியண்ணே! இப்போது கொடிப்பந்து!"

"எதை உதைத்தாலும் இரண்டு மரத்துக்கு நடுவேதானே போகணும்?"

"அவர் மைதானத்தை ஒரு சுற்று ஓடட்டும். அப்புறம் பேசுவோம்."

"ஏன் ஓடணும்? ஆடப் போவது அவரா, முயலா?"

நரி தலையை இந்தப் பக்கம் ஒருமுறை ஆட்டியது, அந்தப் பக்கம் ஒருமுறை ஆட்டியது. "இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நாளைக்கும் பேசுவோம்," என்றது.

நாளைக்கும் பேசினார்கள். அதற்கடுத்த நாளும் பேசினார்கள். விவாதம் சுவையாக இருந்ததால், பந்தாடும் முயலும் கீரியும் பன்றியும்கூடப் பயிற்சியை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தன. பந்து மைதானத்தில் தனியாகக் கிடந்தது. அதற்குள் ஓர் எறும்புக் கூட்டம் குடியேறிவிட்டது.

நான்காம் நாள் குரங்குக்குப் பொறுமை போய்விட்டது. அது குறும்புக்காரக் குரங்கு. "இதற்கு எதற்கு இத்தனை பேச்சு? இப்போதே சோதித்துப் பார்த்துவிடலாம்," என்றது.

காட்டெருமை சற்றுத் தள்ளி நின்று புல்லை அசைபோட்டுக்கொண்டிருந்தது. குரங்கு ஓசைப்படாமல் அதன் பின்னால் போய், அடிவயிற்றிலிருந்து கத்தியது:

"புலி! புலி!"

அவ்வளவுதான்! விளையாட்டு என்று தெரிந்தும்கூட மரத்தடியில் ஒருவரும் இல்லை. முயல் வளைக்குள் போய்விட்டது. கரடி மரத்தின் மேல் இருந்தது. நரி எல்லாருக்கும் முன்னால் ஓடியிருந்தது. காட்டெருமை மட்டும் அதே இடத்தில் நின்று, அதே புல்லை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பார்த்தீர்களா? நாம் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துவோம். இவர் காதில் ஒன்றும் விழாது!"

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். காகம் சிறகை விரித்துக்கொண்டு, "முக்கியமான விஷயமே இதுதான்!" என்றது. "போட்டியில் என்ன செய்யணும் என்று யார் சொல்வது? ரசிகர்கள் நாம்தானே? நாம் சொல்வதே கேட்காத ஒருத்தர் எப்படிப் பயிற்சியாளராக இருக்க முடியும்?"

கரடி மெதுவாக மரத்திலிருந்து இறங்கி, காதைச் சொறிந்தது.

"அப்படியானால் வேண்டாம் என்று முடிவு செய்யலாமா, நரியாரே?" என்று கேட்டது காகம்.

நரி வாயைத் திறக்கும் முன், இத்தனை நாளும் பேசாமலிருந்த புள்ளிமான் எழுந்தது. மெலிந்த கால்களோடு குட்டியும் அதன் பின்னால் நடந்தது. மான் சுற்றிக்கொண்டு போய்க் காட்டெருமையின் நேர் எதிரே நின்றது.

"ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா?"

காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தியது. "கேளம்மா. நான்கு நாளாக எல்லாரும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிகிறது. என்னிடம் யாரும் பேசவில்லை."

"போன வருஷம் எங்கள் போட்டியைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். மலைச் சரிவில் நின்று பார்த்தேன்."

"நாங்கள் ஏன் தோற்றோம்?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

காட்டெருமை நிதானமாகச் சொன்னது: "பந்து எதிரணியின் மரங்களுக்குப் பக்கத்தில் ஏழு தடவை போனது. ஏழு தடவையும் திரும்பி வந்துவிட்டது. யாரும் அதைத் தடுக்கவில்லை."

"பின்னே எப்படித் திரும்பியது?"

"நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முயல் தலையை இடது பக்கம் திருப்பும். பந்தும் இடது பக்கம் போய்விடும். கீரி வலது பக்கம் தலையைத் திருப்பும். பந்தும் அந்தப் பக்கம் போய்விடும். பன்றியோ பந்தை உருட்டிக்கொண்டு தன்னுடைய கோலுக்கே வந்துவிடும். எதற்காகத் தலை திரும்புகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. எனக்குத்தான் சத்தம் கேட்காதே! பிறகு, தலை திரும்பிய பக்கமெல்லாம் பார்த்தேன். அங்கே நீங்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றீர்கள்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தைச் சுற்றி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சொந்த இடம். முயல்கள் இடது ஓரப் புதரடியில் இருக்கும். கீரிகள் வலது ஓரப் பாறைமேல் நிற்கும். பன்றிகள் தங்கள் கோலுக்குப் பின்னாலேயே சேற்றில் படுத்திருக்கும். சொந்தக்காரர்கள் "சபாஷ்!" என்றால் எந்த ஆட்டக்காரனுக்குத்தான் அவர்கள் பக்கம் போகத் தோன்றாது?

"எனக்கு ஒரே ஒரு நிபந்தனை," என்றது காட்டெருமை. "போட்டியன்று நீங்கள் எல்லாரும் எதிரணியின் கோலுக்குப் பின்னால் போய் உட்காருங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள். எனக்குத் தொந்தரவு இல்லை."

"எங்கள் பாறையை விட்டு வருவதா?" என்று கீரிகள் சீறின. "அது எங்கள் பாட்டன் காலத்து இடம்!"

"பாட்டன் காலத்து இடம் பரவாயில்லை, பாட்டன் வயதுப் பயிற்சியாளர்தான் கூடாதா?" என்று கேட்டது கரடி.

குரங்கு மறுபடியும் சிரித்துவிட்டது. இந்தத் தடவை கீரிகளைப் பார்த்து.

நரி இரண்டு பக்கமும் பார்த்தது. அன்றைக்கு வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, "சரி" என்றது.

காட்டெருமை அன்று மாலையே பயிற்சியைத் தொடங்கியது. முதலில் பந்திலிருந்து எறும்புகளை உதறியது. அது ஓடிக் காட்டவில்லை, குதித்துக் காட்டவில்லை. ஓரமாக நின்று பார்க்கும். ஆட்டத்தை நிறுத்தும். ஒரே ஒரு வார்த்தை சொல்லும். மறுபடி ஆடச் சொல்லும். சிறுத்தையைக் கண்டு புதருக்குள் ஓடிய முயல், இந்தப் பெரியவர் பக்கத்தில் பயமில்லாமல் நின்று சந்தேகம் கேட்டது.

போட்டி நாள் வந்தது. காலையில் தொடங்கி, சூரியன் உச்சிக்கு வரும்வரை ஆட்டம். இக்கரை ரசிகர்கள் முணுமுணுத்துக்கொண்டே எதிரணியின் மருத மரங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. பன்றிச் சித்தப்பா. ஆட்டக்காரப் பன்றியின் சொந்தச் சித்தப்பா அவர். "சேறு இதமாக இருக்கிறது. நான் ஒருத்தன் இங்கே படுத்திருந்தால் என்ன ஆகிவிடும்?" என்று வழக்கமான இடத்திலேயே படுத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. பன்றி பந்தை வாங்கி அழகாக ஒரு திருப்புத் திருப்பியது.

"சபாஷ்டா மகனே!" என்றார் சித்தப்பா, சேற்றிலிருந்து.

பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. பந்தை உருட்டிக்கொண்டு நேரே சித்தப்பாவிடம் ஓடி வந்தது. "பார்த்தீங்களா சித்தப்பா?" என்று அது கேட்டு முடிப்பதற்குள், அக்கரை அணியின் ஓநாய் பந்தைப் பறித்து உதைத்தது. கோல்!

அக்கரை துள்ளிக் குதித்தது. எதிர்முனையில் காகம் தலையில் அடித்துக்கொண்டது.

அதன் பிறகு நெடுநேரம் யாரும் கோல் போடவில்லை. சூரியன் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. புள்ளிமான் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து பன்றிச் சித்தப்பாவின் முன்னால் நின்றது.

"சித்தப்பா, எழுந்து வாருங்கள்."

"இவ்வளவு தூரம் யாரம்மா நடப்பது? சேற்றைவிட்டு எழவே மனசு வரவில்லை."

"உங்களுக்குப் படுக்கச் சேறு சுகம்தான்," என்றது மான். "நாம் தோற்றால் என் குட்டி அதைத்தான் குடிக்கணும்."

பன்றிச் சித்தப்பா மானுக்குப் பின்னால் நின்ற குட்டியைப் பார்த்தார். அதன் கால்களைப் பார்த்தார். பிறகு சளப்பென்று சேற்றிலிருந்து எழுந்தார்.

உடம்பெல்லாம் சேறு சொட்ட, மைதானத்தின் ஓரமாகவே அவர் எதிர்முனையை நோக்கி நடக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துப் பந்து ஆட்டக்காரப் பன்றியிடம் வந்தது. அது வழக்கம்போல் சித்தப்பாவைத் தேடியது. சித்தப்பா நடந்துகொண்டிருந்தார். அதுவும் பந்தை உருட்டிக்கொண்டு அவருக்கு இணையாக ஓடியது.

"என்னடா, பின்னாலேயே வருகிறாய்?" என்றார் சித்தப்பா.

"நீங்கள் நில்லுங்கள் சித்தப்பா, ஒன்று காட்டணும்!"

"நான் அங்கே போய்த்தான் உட்காரணும். வா, வா!"

சித்தப்பா நடையை எட்டிப் போட்டார். பன்றியும் வேகமாக ஓடியது. இப்படி ஒரு பன்றி தன் கோலை விட்டு வந்து அக்கரைக்காரர்கள் பார்த்ததே இல்லை. அவர்கள் திகைத்து நிற்கும்போதே சித்தப்பா மருத மரங்களுக்குப் பின்னால் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். பந்தும் மரங்களுக்கு நடுவே அவர் மடியில் வந்து விழுந்தது.

கோல்!

இப்போது இக்கரையின் அத்தனை தொண்டைகளும் ஒரே பக்கத்தில் இருந்தன. முயல் தலையைத் திருப்பினாலும் அங்கேதான் பார்த்தது. கீரி காதைத் தீட்டினாலும் அங்கேதான் சத்தம் கேட்டது. சூரியன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால், கீரி தள்ளிய பந்தை முயல் ஓங்கி உதைத்தது. பந்து இரண்டு மரங்களுக்கும் நடுவே பாய்ந்தது.

இக்கரை ஜெயித்தது!

எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். காட்டில் அன்றைக்குச் சத்தம் கேட்காத ஒரே விலங்கு காட்டெருமைதான். அது மறுபடியும் புல்லை அசைபோடத் தொடங்கியிருந்தது.

கோடை வந்தது. முதல் நாள் காலையில் இக்கரை விலங்குகள் மடுவுக்குப் போயின. தண்ணீர் அடியில் கிடந்த கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்திருந்தது. மான்குட்டி முன்னங்காலை மடக்கிக் குனிந்து, வயிறு நிறையக் குடித்தது.

காட்டெருமையும் வந்து நீரில் வாய் வைத்தது. குரங்கு அதன் பின்னால் நின்று தயங்கியபடி, "பெரியவரே, அன்றைக்கு நான் அப்படிச் செய்தது தப்பு," என்றது.

காட்டெருமைக்குக் கேட்கவில்லை. அது நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

குரங்கு ஒரு கணம் யோசித்தது. பிறகு தண்ணீரைக் கலக்காமல் மடுவைச் சுற்றி வந்து, அதன் முகத்துக்கு நேரே நின்று, மறுபடியும் சொன்னது.

நீதி: ஒருவருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று பின்னால் நின்று பேசுவதைவிட, அவர் என்ன கண்டிருக்கிறார் என்று முன்னால் நின்று கேட்பதே மேல்.