மடைப்பள்ளிக்கு விழுந்த பூட்டு

ரொம்ப காலத்துக்கு முன்னே மருதப்பட்டணத்தை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குமேல் கோபம். அந்த ஊரில் துணிக்குச் சாயம் போடுகிற மங்காயிக்கோ அவனைவிட அதிகக் கோபம். இருக்காதா பின்னே?

வெள்ளையன் என்பவனிடம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, தாழிகள் புதைத்துச் சாயப்பட்டறை போட்டிருந்தாள். ஒருநாள் அவன் வந்து, "நிலம் என்னுது, அதுல புதைச்ச தாழியும் என்னுது. வெளியே போ" என்றான். வழக்கு நியாயாதிபதி உத்தண்டராயரிடம் போனது. "தீர்ப்பு வரும்வரை பட்டறைக்கு முத்திரை" என்று அவர் பூட்டிவிட்டார். அப்புறம் வாய்தாமேல் வாய்தா. இவள் கொடுத்த ஆடும் அவன் கொடுத்த நெய்க்குடமும் ராயர் வீட்டை நிறைத்தன. தினமும் கலக்கவேண்டிய அவுரிச் சாயம் பூட்டுக்குள்ளேயே அழுகி நாறியது.

பொறுக்கமாட்டாமல் மங்காயி ஒருநாள் ராஜசபைக்குள் நுழைந்துவிட்டாள்.

"என் பிழைப்பு பூட்டுக்குள்ள அழுகுது! தீர்ப்பு எப்போ சாமி?"

ராயர் சீறினார். "வாயை மூடு! வழக்கிலுள்ள சொத்தைப் பூட்டுவதுதான் ராஜநீதி."

"எல்லாருக்குமா?" என்று கேட்டார் மந்திரி நாகலிங்கர்.

மந்திரியின் பேரைக் கேட்டாலே ராயருக்கு வயிறு எரியும். "அரசருக்கேகூடத்தான்!" என்று மார்தட்டினார்.

"அப்படியானால் நான் ஒரு வழக்குப் போடுகிறேன். அரண்மனை மடைப்பள்ளி என்னுடையது."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "பூட்டுங்கள்! யார் ஜெயிக்கிறார் பார்ப்போம்."

உச்சிவெயில் ஏறியது. சோறு இல்லை, மோர்கூட இல்லை. ராஜாவின் கண் சிவந்தது.

"ராயரே, தீர்ப்பைச் சொல்லும்!"

"பிரபு, சாட்சி விசாரிக்கவேண்டும், பழைய பட்டயம் தேடவேண்டும்... சித்திரை பிறந்துவிடும்."

"சித்திரையா! அதுவரை காற்றையா குடிப்பேன்?"

மங்காயி பல்லைக் கடித்தாள். "மகாராஜாவுக்கு ஒரு வேளைப் பட்டினி. என் வீட்டுல மூணு மாசம்."

ராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

மந்திரி சொன்னார்: "பேசித் தீர்த்துக்கொள்வோம் அரசே. மடைப்பள்ளி எனக்கு வேண்டாம். இன்றைக்கு உங்களோடு ஓர் இலை போட்டால் போதும்."

"போட்டேன்! திறங்கள்!"

சாப்பிட்ட கையோடு ராஜா மந்திரியையும் ராயரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே போய், மங்காயியையும் வெள்ளையனையும் எதிரெதிரே உட்காரவைத்தான். இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஓயட்டும் என்று காத்திருந்த மந்திரி, "வெள்ளையா, உனக்கு எங்கேதான் வலிக்கிறது?" என்றார்.

"பட்டறை நடந்தப்போ சாயத்தண்ணி என் கீரைப்பாத்தியில பாஞ்சுதுங்க. எல்லாம் கருகிப்போச்சு. இதை இதுவரைக்கும் எவரும் கேக்கல."

"அடப்பாவி!" என்று எகிறினாள் மங்காயி. "என்கிட்ட சொல்லியிருந்தா வாய்க்காலை அந்தப் பக்கம் வெட்டிவிட்டிருப்பேனே!"

அங்கேயே முடிந்தது. நிலம் அவனுக்கு, தாழி அவளுக்கு, தண்ணீர் மேற்கே தரிசுக்கு. குத்தகை தொடரும்.

ராஜா ராயர் பக்கம் திரும்பினான். "ராயரே, வாங்கியதையெல்லாம் நீரே சுமந்துபோய்த் திருப்பிக் கொடும். அதற்கு முன்னால், நீர் பூட்டி அழுகவிட்ட தாழியை அள்ளிக் கழுவும்."

பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ராயர் தாழிக்குள் இறங்கினார். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மங்காயி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்து விளிம்பில் நின்றாள்.

"அடியில இன்னும் கிடக்கு சாமி. நல்லாக் குனிஞ்சு அள்ளுங்க."