தண்ணீர் கொட்டிய இடம்

கேப்டன் ஜெனிட்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் மாசிலாமணிக்கு ஐம்பத்தைந்து. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார் மனுஷன்.

அன்று காலை ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மேலேருந்து பார்த்தா கரண்ட் கம்பி கண்ணுக்கே தெரியாதாமே. தெரியாத கம்பிகிட்டேருந்து எப்படித் தப்பிக்கறது, கேப்டன்?"

"முதல்ல பெல்ட்டை மாட்டுங்க, டாக்டர்."

இருபதாவது நிமிடம் இன்ஜின் இருமியது. நின்றுவிட்டது. எத்தனை தடவை முடுக்கியும் உயிர் வரவில்லை. கீழே பனைகளும் புஞ்சைகளும். எங்கேயாவது இறங்கித்தான் ஆகவேண்டும்.

"அதோ! கட்டாந்தரை. மைதானம் மாதிரி கிடக்கு." டாக்டர் கையை நீட்டிக் காட்டினார்.

"கம்பி இருக்கா?"

"இல்ல. நல்லாப் பார்த்துட்டேன். ஒரு கம்பம்கூட இல்ல."

"வேற என்ன இருக்கு?"

"ஓரத்துல ஒரு மோட்டார் ரூம். தொட்டியில தண்ணி கொட்டுது. இப்ப அதுவா முக்கியம்?"

கேப்டன் விமானத்தைத் தன் கைக்கு வாங்கி இடப்பக்கம் திருப்பினாள். அங்கே இருந்தது உழுது போட்ட புஞ்சை, கட்டியும் கரடுமாக.

"ஐயோ, அங்க போனா கவுந்துடும்! பேரன் பிறந்து பத்து நாள்தான் ஆகுது கேப்டன், இன்னும் மூஞ்சியைக்கூடப் பார்க்கல!"

"கதவைத் திறந்து வைங்க. தலையைக் குனிங்க."

மண்ணைத் தொட்டதும் விமானம் ஒரு துள்ளு துள்ளியது. முன் சக்கரம் முறிந்து, மூக்கு மண்ணைக் கவ்வ நின்றது. டாக்டரின் உதடு கிழிந்து ரத்தம். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் கோபம் வந்தது.

"பாய் விரிச்ச மாதிரி இடம் பக்கத்துல இருக்க, இங்க கொண்டுவந்து குத்திட்டீங்களே!"

விடுவிடுவென்று அந்தக் கட்டாந்தரைக்கு நடந்தார். மோட்டார் ரூமை நெருங்கியதும் நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

எதிர் ஓரத்துப் பனைகளுக்குள் மறைந்து நின்றது ஒரு கம்பம். அதிலிருந்து மூன்று கம்பிகள், அவர் இறங்கச் சொன்ன இடத்துக்கு நேர் குறுக்கே, தொய்ந்து வந்து மோட்டார் ரூமில் முடிந்தன.

டாக்டர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே கேப்டனும் வந்து சேர்ந்தாள்.

"இந்தக் கம்பி உங்க கண்ணுக்கு எப்போ தெரிஞ்சுது?"

அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

"இப்பத்தான் பார்க்கறேன், டாக்டர். மேலேருந்து தண்ணி கொட்டறது மட்டும்தான் தெரிஞ்சுது."