ஜன்னலோரத்து உடுமலை

பெரிய கணினி வட்டு ஒன்று சுழல்வதை நிறுத்தும் ஓசையைக் கேட்டு முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. முதலில் அது நிற்கப்போகிறது என்றே தெரியாது. சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கும். பிறகு இன்னும் கொஞ்சம். அவசரமில்லாமல் யாரோ நீளமாக மூச்சு விடுவதுபோல் இறங்கிக்கொண்டே போய், எந்த இடத்தில் முடிந்தது என்று சொல்ல முடியாதபடி முடிந்துவிடும்.

அந்த ஓசை அடங்கியபோது அறையில் மூன்று பேர் இருந்தோம். பிரிசில்லா மேடம், மாசிலாமணி, நான்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அதன் கணினி அறையில் பீரோ உயரத்துக்கு ஒரு யூனிக்ஸ் இயந்திரம் நின்றது. அதற்குப் பொருநை என்று பெயர் வைத்திருந்தார்கள். அலுவலகம், நூலகம், தேர்வுப் பிரிவு என்று பன்னிரண்டு டெர்மினல்கள் அதை நம்பி இருந்தன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மேடம் அந்த அறைக்குப் பொறுப்பாளர். மாசிலாமணி அவருக்குக் கீழே வேலை பார்த்தார், வயதில் இரண்டு கூடுதல் என்றாலும். நான் மாணவர்களின் மார்க்கைத் தட்டச்சு செய்து ஏற்றுகிறவள்.

மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது. வேறு ஏதாவது வரும்.

ஒருநாள் மாசிலாமணி கேட்டார்.

"மேடம், தேர்வுப் பிரிவு கோதண்டம் ஒரு ஃபைலைத் திறக்க முடியலைங்காரு. எல்லாருக்கும் சேர்த்துத் திறந்து விட்டிரட்டுமா? இல்லேன்னா நாளைக்கும் வந்து நிப்பாரு."

மேடம் எழுந்து போனார். மாசிலாமணியின் மேஜை டிராயரை முழுக்க இழுத்துத் திறந்து வைத்துவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளே ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டு. கடிதங்களெல்லாம் அவர் மனைவி செவந்தி எழுதியவை.

மாசிலாமணி ஓடிப்போய் மூடினார்.

"கோதண்டத்துக்கு மட்டும் திறங்க," என்றார் மேடம்.

இன்னொரு நாள்.

"வட்டு நிறைஞ்சுபோச்சு மேடம். எதை அழிக்கட்டும்?"

"நேத்து?"

"நேத்து பாதிதான் இருந்துது."

"அப்ப எதையும் அழிக்காதீங்க. ஒரே நாள்ல இவ்வளவு சாப்பிட்டது யாருன்னு பாருங்க."

பார்த்தார். ஏதோ ஒரு புரோகிராம் வழி தவறிப்போய், ஒரே புலம்பலை லட்சம் முறை எழுதி வைத்திருந்தது.

இப்படித்தான் அந்த அறையில் நாட்கள் போயின. குளிர்சாதன இயந்திரம் ஒரு சுருதி, வட்டு ஒரு சுருதி. இரண்டுக்கும் மேலே கேட்கும்படி நாங்கள் எப்போதும் குரலை உயர்த்தியே பேசினோம். வீட்டுக்குப் போனாலும் அந்தக் குரல் இறங்காது. ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று என் அம்மா கேட்பாள்.

கதவுக்குப் பக்கத்தில் சின்னக் கரும்பலகை ஒன்று உண்டு. மாசிலாமணி காலையில் வந்ததும் ஒரு கட்டளை அடிப்பார். பொருநை எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று அது சொல்லும். அந்த எண்ணைப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் டீ குடிப்பார். முந்நூறு தாண்டிய அன்று முதல்வரே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கு முன்பெல்லாம் பொருநை அடிக்கடி விழும். விழுந்தால் மாசிலாமணி கதவைச் சாத்திக்கொள்வார். அரை மணி நேரத்தில் எல்லா டெர்மினலும் உயிர் பெறும். உள்ளே என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. கைராசி என்றார்கள். அவர் மறுத்ததில்லை. விடுப்பும் எடுத்ததில்லை.

"பொருநைக்கு வாக்கப்பட்டவர்" என்பார் கோதண்டம். மாசிலாமணி சிரித்துக்கொள்வார்.

செவந்தி தலைப்பிரசவத்துக்கு உடுமலைக்கு, தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை என்று தந்தி வந்தது. எங்களுக்கெல்லாம் அல்வா கிடைத்தது. மாசிலாமணி போகவில்லை. உடுமலைக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிரயாணம். அது தேர்வு மார்க் ஏறுகிற காலம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மேடத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"பாப்பாவுக்கு இன்னும் பேர் வைக்கலை மேடம். அப்பன் வந்துதான் காதுல சொல்லணும்னு செவந்தி பிடிவாதமா இருக்கா. இந்த வெள்ளிக்கிழமைக்கு நான் வரலேன்னா மாமனாரே வச்சிருவாராம். அதுக்கப்புறம் நான் வரவே வேண்டாம்னு எழுதியிருக்கா."

"போயிட்டு வாங்க."

"சனிக்கிழமை மார்க் லிஸ்ட் போகணுமே. நான் போற நேரம் பாத்துப் பொருநை விழுந்துட்டா?"

"எழுப்பிக்கலாம்."

"யாரு எழுப்புவா மேடம்?"

மேடம் நாட்காட்டியைப் பார்த்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு எல்லா டெர்மினல்களிலும் வேலையை முடித்துக்கொள்ளச் சொன்னார். பொருநையில் இருந்ததையெல்லாம் காந்த நாடாவில் நகல் எடுக்கச் சொன்னார். எடுத்த நாடாவிலிருந்து நாலைந்து ஃபைலைத் திருப்பிப் படித்துப் பார்க்க வைத்தார். அது முடிந்ததும் விசைப்பலகைக்கு முன்னால் தானே உட்கார்ந்தார். நினைவில் மிச்சமிருப்பதை வட்டில் எழுதிவிடு என்று பொருநைக்குச் சொல்லும் கட்டளையை மூன்று முறை அடித்தார்.

"ஒரு தடவை போதாதா மேடம்?" என்று கேட்டேன்.

"எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க மூணு தடவை அடிச்சாங்க."

எழுந்து சுவர்ப் பக்கம் போனார். பொருநைக்கும் குளிர்சாதன இயந்திரத்துக்கும் பொதுவான பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தார்.

நான் சொன்னேனே, அந்த ஓசை. அது இறங்கி, இறங்கி, அடங்கியது.

"மேடம்," என்றார் மாசிலாமணி. வழக்கமான குரல்தான். சத்தமில்லாத அந்த அறையில் அது அலறலாகக் கேட்டது. அவரே திடுக்கிட்டுப்போனார். ஜன்னலுக்கு வெளியே ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு வந்து நாலு வருடத்தில் அங்கே அணில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நானூத்திப் பன்னெண்டு நாள் மேடம்," என்றார் அவர். இந்த முறை மெதுவாக.

"பாப்பாவுக்கு எத்தனை நாள்?"

மாசிலாமணி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

மேடம் அவர் எண்ணி முடிக்கும்வரை நிற்கவில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டார்.

"அது உடுமலை. நீங்க அங்க இருக்கீங்க. போய் உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"மரகதம், பொருநை விழுந்து கிடக்கு. மாசிலாமணி சார் ஊர்ல இல்லை. எழுப்பு."

எனக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். போட்டேன். வட்டு முனகிக்கொண்டு மேலே ஏறியது. திரையில் கேள்விகள் வந்தன. இதைச் சரி செய்யட்டுமா, அதைச் சரி செய்யட்டுமா என்று. எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லச் சொன்னார் மேடம். கால் மணி நேரம் கழித்து என் பெயரைக் கேட்டது. அவ்வளவுதான். மார்க் ஏற்றும் புரோகிராம் இல்லை. பிரிண்டர் அசையவில்லை. பன்னிரண்டு டெர்மினலும் இருட்டு.

"ரெண்டாவது வட்டு," என்றார் மாசிலாமணி ஜன்னலோரத்திலிருந்து.

"யாரோ பேசுற மாதிரி இருக்கு," என்றார் மேடம் என்னிடம். "உடுமலையில பேசினா இங்க கேக்காதே."

"மேடம், அவளுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார்.

"கடிதம் எழுதலாம்."

மாசிலாமணி எழுதினார். தாளைக் கிழித்து மேடத்திடம் கொடுத்தார். மேடம் என்னிடம் கொடுத்தார். 'இரண்டாவது வட்டை இணைக்கவும்' என்று இருந்தது.

"எப்படி இணைக்கணும்?" என்றேன்.

"எழுதிக் கேளு."

எழுதிக் கேட்டேன். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மாசிலாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கட்டளையை எழுத்து எழுத்தாக எழுதி அனுப்பினார். இடைவெளி விடவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு, 'இங்கே இடம் விடு' என்று குறித்திருந்தார். அடித்தேன். இரண்டாவது வட்டு சேர்ந்தது. ஜன்னலோரம் ஒரு முகம் மலர்ந்தது.

அப்படியே போனது. சாப்பாட்டு மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. பொருநையின் கடிகாரத்தைத் திருத்த ஒரு கடிதம், டெர்மினல்களை எழுப்ப ஒரு கடிதம். வரவரக் கடிதங்கள் நீண்டன. எனக்கு எது தெரியாது என்று அவருக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

பிரிண்டர் மட்டும் வரவில்லை. 'பழைய பூட்டை அழிக்கவும்' என்று எழுதினார். 'என்ன பூட்டு?' என்று கேட்டேன்.

பக்கம் முழுக்க எழுதி அனுப்பினார். இன்றும் எனக்கு அது ஏறக்குறைய மனப்பாடம். 'அச்சு வேலையைப் பார்க்கிற புரோகிராம் ஒன்று உண்டு. அது வேலைக்கு வந்ததும், நான் உள்ளே இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக ஒரு வெறும் ஃபைலை வைக்கும். ஒழுங்காகக் கிளம்பிப் போனால் அதை எடுத்துவிட்டுப் போகும். திடீரென்று மின்சாரம் போனால் எடுக்க நேரம் இருக்காது. அடுத்து வருவது அந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடும். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.'

மேடம் என் தோளுக்கு மேலே குனிந்து படித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு எத்தனை வருஷமா தெரியும்?"

"மூணு வருஷமா தெரியும் மேடம்."

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

மாசிலாமணி குனிந்துகொண்டார். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடிக்கொண்டிருந்தார்.

நான் பூட்டை அழித்தேன். பிரிண்டரின் தலை இடமிருந்து வலமாக ஒருமுறை ஓடித் திரும்பியது.

"உடுமலையிலேர்ந்து வாங்க," என்றார் மேடம். "மரகதத்துக்கு எழுதினதையெல்லாம் இப்பப் பொருநைக்கு எழுதுங்க."

எழுந்ததும் பொருநை முதலில் படிக்கிற ஃபைல் ஒன்று உண்டு. அதில் எழுதியிருப்பதை வரி வரியாகச் செய்யும். மாசிலாமணி என் நாற்காலியில் உட்கார்ந்து, கடிதங்களைப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அதில் எழுதினார். எழுதி முடித்ததும் மேடத்தைப் பார்த்தார்.

"சுவிட்ச்," என்றார் மேடம்.

"நானா?"

"உங்க கைதானே ராசியான கை."

அவர் கட்டளையை மூன்று முறை அடித்தார். எழுந்து போய் சுவிட்சில் கை வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு இழுத்தார். அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்று, மறுபடி போட்டார்.

மூவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். டெர்மினல்கள் வந்தன. பிரிண்டர் வந்தது. மார்க் புரோகிராம் மட்டும் வரவில்லை. மாசிலாமணி பாதி எழுந்துவிட்டார். விரல்கள் விசைப்பலகையைத் தேடின. மேடம் தொண்டையைச் செருமினார். மாசிலாமணி உட்கார்ந்து யோசித்தார். இரண்டாவது வட்டு சேர்வதற்கு முன்பே மார்க் புரோகிராமை எழுப்பச் சொல்லியிருந்தார். வரியை மாற்றினார். மீண்டும் சுவிட்ச்.

இந்த முறை எல்லாமே வந்தது. ஒவ்வொன்றாக, அதனதன் முறையில், ஒரு விசையையும் யாரும் தொடாமல் வந்தது. அவ்வளவு அமைதியாக நான் ஒரு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

கோதண்டம் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"வந்திருச்சே. வாக்கப்பட்டவரு சொன்னா கேக்காம இருக்குமா."

"அவரு உடுமலைல இருந்தாரு," என்றேன்.

கோதண்டம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. பொருநையின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அது எப்போதும் இளஞ்சூடாக இருக்கும்.

"எல்லாம் தானா எழுந்துக்கிடுது," என்றார். "இனிமே நான் என்னத்துக்கு மேடம்?"

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மதுரை பஸ்ஸைப் பிடிக்க. அஞ்சரைக்கு ஒண்ணு இருக்கு."

மாசிலாமணி அந்த பஸ்ஸில் போனார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் எங்கள் கல்லூரி வேலையை விட்டுவிட்டு உடுமலையில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். இருபத்து நான்கு வருடம் அங்கே பாடம் நடத்தி, அங்கேயே ஓய்வு பெற்றார்.