புளியமுக்கில் நீட்டிய கை

"எத்தனை நாளைக்குத்தான் என்னை முக்குலயே நிறுத்தி வைப்பீய, குருவே?"

சிவசைலம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஞாயிறுதோறும் சைக்கிளில் சுற்றும் கூட்டம் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். ஜெசிந்தா, தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். நாற்பதுகூட ஆகவில்லை. கேட்டவர் மருந்துக்கடை முதலாளி, ஐம்பதைத் தாண்டியவர். கிண்டலுக்காக அவர்தான் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. கிண்டல்தான் எங்கேயோ உதிர்ந்துபோனது.

உதிராமல் என்ன செய்யும்? ஜெசிந்தா போடுகிற வழி அப்படி.

லாரி போகும் சாலை ஒன்றுகூட அதில் வராது. மேற்கே மலை கூடவே வரும். மூச்சு வாங்க ஒரு மேடு ஏறினால் கீழே குளம் தெரியும், தாமரையும் கொக்குமாக. சர்ரென்று இறங்கினால் ஒரு ஊர். நீல வீடு, ரோஸ் வீடு, வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். அவர்கள் கையிலிருக்கும் கத்தரிக்கோலை ஆட்டி விடை கொடுப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும்.

முப்பது வருடமாக அந்தப் பக்கத்திலேயே மருந்து விற்றவர் சிவசைலம். இத்தனை அழகு நம் பக்கத்திலா என்று அவர் வாயைப் பிளந்தது ஜெசிந்தாவின் வழியில் போன பிறகுதான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர், ஒவ்வொரு முக்கிலும் தமக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டுப் போவார். நிற்பவர் திரும்ப வேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு, கடைசி ஆள் வரும்வரை நிற்க வேண்டும். கடைசிச் சைக்கிளில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். முக்கில் ஆள் இல்லையென்றால் நேராகப் போக வேண்டும்.

அவ்வளவுதான் சட்டம்.

மஞ்சள் துணி எப்போதும் ஜெசிந்தாவிடம். முக்கு எப்போதும் சிவசைலத்திடம். வேகமான கால், நல்ல விலைக்கு வாங்கிய சைக்கிள். முதல் ஆளின் முதுகிலேயே போவார், முக்கில் நிறுத்தப்படுவார். விட்டதைத் துரத்திப் பிடித்து மறுபடி இரண்டாவதாக வருவார். மறுபடியும் முக்கு.

"அடுத்த ஞாயிறு எங்க ஊருக்குப் போறோம்," என்றார். "திருநெல்வேலியில இருந்தெல்லாம் ஆள் வாராங்க. நான்தான் முன்னால வருவேன்னு எங்க அக்காட்ட சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீயளா?"

"மேளத்துக்கே சொல்லியாச்சு."

குரு சிரிக்கவில்லை.

"இன்னைக்கு அதே வழியில ஒருதரம் போய்ப் பாப்போம். புளியமுக்குல நீங்க நில்லுங்க, அண்ணாச்சி. அந்த ஒரு முக்கு போதும். மத்தத அப்புறம் பேசிக்கிடலாம்."

சிவசைலத்துக்கு வாயெல்லாம் பல். ஒரே ஒரு முக்கு!

புளியமுக்கில் இடது பக்கம் திரும்பினால் பொய்கைமேடு, அவர் பிறந்த ஊர். நேராகப் போனால் எப்போதோ மூடிப்போன கல்குவாரி.

நின்றார். கையை நீட்டினார். ஒவ்வொருவராக வந்து திரும்பினார்கள். எல்லாருக்கும் பின்னால் மைக்செட் இசக்கி, தொப்பை ஹேண்டில்பாரில் இடிக்க, உருட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னும் டீச்சர் மட்டுந்தான் அண்ணாச்சி. டயர்ல முள்ளு. ஒட்டிக்கிட்டு இருக்காவ."

இசக்கியும் மறைந்தார்.

சிவசைலம் கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். கை கடுத்தது. வெறும் சாலையைப் பார்த்து ஒரு மனிதன் கையை நீட்டிக்கொண்டு நின்றால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

வழியைப் போட்டதே அந்த அம்மா. அவருக்கு வழி காட்ட நான் எதற்கு?

கையை மடக்கினார். பெடலில் காலை வைத்தார்.

ஆஹா, அந்த இறக்கம்! இரண்டு பக்கமும் வயல், மழை முடிந்து நாற்று நட்ட பச்சை. சாலை ஒரு வளைவு இறங்கி, ஒரு மேடு எழும்பி, மறுபடி இறங்கியது. வாய்க்கால் தண்ணீர் கூடவே ஓடி வந்தது. தூரத்தில் ஊர்க் கோபுரம் தென்னைக்குள் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்தது. இசக்கியை முந்தினார். ஒவ்வொருவராக முந்தினார். முன்னால் போனவரையும் முந்தி, அக்கா வீட்டு வாசலில் முதல் ஆளாகக் காலை ஊன்றினார். பிறந்த ஊருக்கு இப்படி வந்ததே இல்லை. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே நின்றார்.

அக்கா இலை போட்டாள். எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

குரு வரவில்லை.

போன் போட்டார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் ஏது? இட்லி ஆறியது. சட்னியில் ஈ மொய்த்தது. இரண்டு பேர் தேடிப் போகக் கிளம்பினார்கள்.

அப்போது வயல் வரப்பில், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா வந்தார். முழங்கால்வரை சேறு. முழங்கையில் தோல் வழன்று ரத்தம்.

"என்ன குருவே! எங்க போனீய?"

"குவாரிக்கு."

"குவாரிக்கா? வழி போட்டதே நீங்கதான!"

"முக்குல ஆள் இல்ல. நேராப் போனேன்."

அக்கா வெந்நீர் கொண்டுவந்து காயத்தைத் துடைத்தாள். குரு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். "சட்னி ருசியா இருக்குக்கா," என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

சிவசைலத்துக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு வந்தது. தூறல். திருநெல்வேலிக்காரர்களும் வந்துவிட்டார்கள். சிவசைலம் ஓரமாக நின்றார். கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் பாழாய்ப்போன ஆசை போகவில்லை. மேளத்துக்குச் சொல்லியாயிற்றே.

ஜெசிந்தா நேராக அவரிடம் வந்தார். தம் சைக்கிளில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து அவருடைய சீட்டுக்கு அடியில் கட்டினார்.

"குருவே, இது கடைசி ஆளுக்குள்ளது."

"ஆமா."

"ஊர்ல மேளம்..."

"மெல்ல வாங்க, அண்ணாச்சி."

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இசக்கி அண்ணன் முன்னால போவாவ!"

இசக்கிக்கே நம்ப முடியவில்லை. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு கிளம்பினார். குரு சொல்லிவிட்ட பிறகு யார் அவரை முந்துவது? கூட்டம் பின்னால் போனது.

சிவசைலம் கடைசியாகப் போனார். மலை தெரிந்தது, குளம் தெரிந்தது. எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதல் முக்கில் ஒரு பெண் நின்றிருந்தார். முன்பின் பார்த்திராத முகம், திருநெல்வேலிக்காரராக இருக்க வேண்டும். தலையில் தண்ணீர் சொட்ட, கையை நீட்டிக்கொண்டு, வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் துணியைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது.

"அப்பாடா, வந்துட்டீங்களா! எங்கயும் விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"இல்லம்மா. விழல," என்றார் சிவசைலம்.

அடுத்த முக்கில் ஒருவர் வாழை இலையைத் தலைக்குப் பிடித்திருந்தார். இன்னொரு கை நீட்டியபடி இருந்தது. அதற்கடுத்த முக்கில் வயதானவர் ஒருவர், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அந்தக் கையும் நீட்டியபடிதான் இருந்தது. எல்லாரையும் எப்போதோ அனுப்பியாயிற்று. இன்னும் நிற்பது யாருக்காக?

ஒரு முக்கையும் அவரால் சும்மா கடக்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் இறங்கினார். தம் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். "முன்னால போங்க, நான் வாரேன்," என்று அனுப்பிவிட்டுப் பிறகு ஏறினார். கூட்டத்திலேயே வேகமான கால், அன்றைக்கு ரொம்ப ரொம்பப் பிந்தியது.

தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. இசக்கி ஊருக்குள் போய்விட்டார். சிவசைலத்துக்கு வலித்தது. வலியோடே மிதித்தார்.

கடைசி மேடு ஏறினார். புளியமுக்கு.

மரத்தடியில் ஒதுங்காமல், நடுச்சாலையில், மழையில் ஜெசிந்தா நின்றிருந்தார். முழங்கையில் பிளாஸ்திரி போட்ட அந்தக் கை பொய்கைமேட்டுப் பக்கம் நீட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நீட்டியிருந்ததோ, விரல் நுனியில் தண்ணீர் சொட்டியது.

சிவசைலம் பிரேக் பிடித்தார்.

"குருவே, அது நான் பொறந்த ஊரு."

"தெரியும்."

"கண்ணக் கட்டி விட்டாலும் போயிருவேன்."

"தெரியும், அண்ணாச்சி."

கை இறங்கவில்லை.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார் சிவசைலம். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை மட்டும் இல்லை.

"எந்தப் பக்கம் போகணும், குருவே?"

"இடது பக்கம்," என்றார் குரு.