ஏழாம் எண் கதவு குடிபோன கதை

இந்தக் கதையில் ஓர் ஆடு வரும். அது வந்ததும் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் சிரித்தால் அது உங்கள் சொந்தப் பொறுப்பு. ஆடு இப்போது தூரத்தில் கருவேலங்காய் தின்றுகொண்டிருக்கிறது, கூப்பிட்டாலும் வராது. ஆகவே முதலில் மருதப்பனைப் பார்ப்போம்.

மருதப்பன் கோணம்பட்டியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். இரண்டு பேர் ஓடிய பந்தயத்தில் மூன்றாவதாக வந்த பரம்பரை. அந்தப் பரம்பரையில் பிறந்த அவர் மகள் முல்லைக்கொடி, வெள்ளாம்பூர் அரசு சிறப்புப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் இரண்டாவதாக வந்துவிட்டாள். நாலாயிரம் பிள்ளைகள் எழுதிய தேர்வு, நாற்பதே இடம். மருதப்பனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எங்கோ தப்பு நடந்திருக்கிறது, யாராவது வந்து திருத்திவிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனார். அங்கே கம்பிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் சொன்னார்: "கதவு எண் நகராட்சி எல்லைக்குள்ள இருக்கணும் குடும்பம் அங்க குடியிருக்கணும் வெள்ளிக்கிழமை அலுவலர் வந்து கதவைத் தட்டுவார் தட்டினா திறக்கணும் சான்று சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இங்க வரணும் இல்லைன்னா இடம் அடுத்த பிள்ளைக்கு, அடுத்து யாரு?"

காலம் காலமாக எல்லைக்கு வெளியே இருந்த ஊர் கோணம்பட்டி. பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு தரகர் காத்திருந்தார். குரலில் வெண்ணெய் வழிந்தது. "வீடு மாத்தணுமா அண்ணாச்சி? நம்மகிட்ட ஒரு ரூம் இருக்கு. எல்லைக்குள்ள. ஏற்கெனவே பதினோரு குடும்பம் அதே ரூம்ல குடியிருக்கு. ஆனா இடைஞ்சலே இருக்காது, உள்ளே ஒருத்தரும் கிடையாது."

"பதினோரு குடும்பம் இருக்குன்னீங்களே?"

"இருக்கு. பேப்பர்ல."

மருதப்பன் பயந்துபோனார். பேப்பரில் பதினோரு குடும்பம் நிற்கும் இடத்தில், தாட்டியான தன் மனைவி அஞ்சலை எங்கே நிற்பாள்? வேண்டாமப்பா என்று சைக்கிளை மிதித்து ஊர் வந்துவிட்டார்.

அன்றைக்கே குடும்பக் கூட்டம் நடந்தது. தலைமை, மருதப்பனின் அண்ணன் சின்னையா. பெரியவர் அவர்தான், பெயர்தான் சின்னையா. மச்சினன் ஞானப்பிரகாசமும் இருந்தான். பெயரில் வைத்த வெளிச்சம் பெயரிலேயே நின்றுவிட்டது.

"அவர் சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது," என்றார் சின்னையா.

மருதப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுத்தரின் குரலிலேயே ஒப்பித்தார். "அடுத்து யாரு?" என்பதையும் விடவில்லை. சின்னையா யோசித்தார்.

"குடி இருக்கணும்னு சொல்றாரே. நம்ம வீட்டுல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லையே?"

"அதை அப்புறம் பார்ப்போம் பெரிய மாமா," என்றான் ஞானம். "முதல்ல எது எல்லைக்குள்ள இருக்கணுமாம்?"

"கதவு எண்."

"வீடுன்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"சுவர்?"

"வாயே திறக்கலை."

"அப்போ வீட்டை எதுக்கு மாத்தணும்? கதவு எண் கதவுலதானே இருக்கு? கதவைத் தூக்கிட்டுப் போய் எல்லைக்குள்ள வெச்சா முடிஞ்சுது."

மூன்று பேரும் ஞானத்தைப் பார்த்தார்கள். அஞ்சலைக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தம்பியைப் படிக்க வைக்காம விட்டுட்டோமே," என்று மூக்கைச் சிந்தினாள்.

உள்ளேயிருந்து முல்லைக்கொடி எட்டிப் பார்த்தாள். "அப்பா, நான் ஒண்ணு சொல்றேன்..."

"நீ படிக்கிற வேலையைப் பாரு," என்றார்கள் நான்கு பேரும்.

மறுநாள் காலையில் கதவை நிலையோடு பெயர்த்தார்கள். நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தில் '7' என்று அப்படியே இருந்தது. கதவு போனதும் வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கதவில்லாத வீட்டைப் போட்டுவிட்டு எப்படிப் போவது? காவலுக்கு முல்லைக்கொடியை உட்கார வைத்தார்கள். யாருடைய படிப்புக்காகக் குடும்பமே குடிபோகிறதோ அவள் மட்டும் பழைய வீட்டில்.

சின்னையா முன்னால், ஞானம் பின்னால், நடுவில் கதவு. மருதப்பன் சைக்கிளில் பாத்திரம். அஞ்சலை தலையில் அடுப்பு. கிழக்கே பாலத்தடிக்குப் போனார்கள். காலம் காலமாக நகராட்சி எல்லைப் பலகை அங்கேதான் நிற்கும். போய்ப் பார்த்தால் குழிதான் இருந்தது, பலகையைக் காணவில்லை.

"எல்லையைத் திருடிட்டாங்க," என்றார் சின்னையா.

கத்தரிக்காய்க் கூடையோடு சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். "யாரும் திருடலைய்யா. அதைப் பிடுங்கிக் கோணம்பட்டிக்கு அந்தாண்ட நட்டு ஆறு மாசம் ஆச்சு. மேற்கால போங்க."

ஏன் பிடுங்கினார்கள், ஏன் அந்தாண்ட நட்டார்கள் என்று கேட்கலாம். கேட்கவில்லை. கதவைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே மேற்கே நடந்தார்கள். தங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் உட்கார்ந்திருந்த முல்லைக்கொடி எழுந்து நின்றாள்.

"அப்பா! பெரியப்பா! நான் ஒண்ணே ஒண்ணு..."

"படி, படி," என்று கதவு அவளைக் கடந்து போயிற்று.

ஊர் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில் பலகை நின்றது. சின்னையா எழுத்துக்கூட்டிப் படித்தார். "வெள்ளாம்பூர் நகராட்சி. நன்றி. மீண்டும் வருக."

"நாம இன்னும் ஒண்ணுமே செய்யலை. எதுக்கு நன்றி?" என்றாள் அஞ்சலை.

"அதை விடு. மீண்டும் வரச் சொல்லியிருக்கு பாரு," என்றார் சின்னையா. "ஒரு தடவை வந்தது செல்லாது போலிருக்கு."

நூறடி திரும்பிப் போய் மறுபடியும் வந்தார்கள். பலகை மறுபடியும் மீண்டும் வருக என்றது. மூன்றாம் தடவையும் அதையே சொன்னது. அஞ்சலையின் தலையில் அடுப்பு ஆடியது. "எத்தனை தடவைன்னு சொல்லித் தொலைச்சா என்னவாம்!" என்று பலகையைத் திட்டினாள்.

ஞானம்தான் பலகைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தான். "மாமா! இந்தப் பக்கம் நல்வரவுன்னு போட்டிருக்கு!"

"அப்போ அதுதான் உள்பக்கம்," என்றார் மருதப்பன். "வாங்க வாங்கன்னு எங்க கூப்பிடறாங்களோ, அதுதானே ஊருக்குள்ள?"

நல்வரவு என்ற எழுத்து நன்றாகக் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நிலையை நட்டார்கள். அஞ்சலை வலது காலை எடுத்து வைத்துக் கதவு வழியாக உள்ளே போனாள். பால் காய்ச்சினார்கள். பொங்கியது. ஞானம் அவசரத்தில் கதவைச் சுற்றிக்கொண்டு வந்துவிட, சின்னையா அவன் காதைத் திருகினார். "வாசல்னு ஒண்ணு எதுக்குடா இருக்கு? திருடன் மாதிரி சுவத்து வழியா வர்றியா?"

அன்றிலிருந்து எல்லோரும் ஒழுங்காகக் கதவு வழியே போய் வந்தார்கள்.

ஆடு இன்னும் வரவில்லை. ஆனால் இந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மொபெட்டில் அலுவலர் தணிகாசலம் வந்தார். இருபத்தெட்டு வருஷம் படிவம் நிரப்பியவர். படிவத்தில் கட்டம் இருந்தால் அந்தப் பொருள் உலகத்தில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மடித்த காகிதத்தை எடுத்தார், ஏழாம் எண்ணைப் பார்த்தார், கதவைத் தட்டினார்.

"யாரது?" என்றாள் அஞ்சலை, ஓரடி தள்ளி நின்றபடி.

"சரிபார்ப்பு."

கதவு திறந்தது. படிவத்தின் முதல் கட்டத்தில் டிக் விழுந்தது. முக்காலியில் உட்கார்ந்தார்.

"இங்க குடியிருக்கீங்களா?"

"மோர் மட்டும்தான் சார்," என்றார் மருதப்பன் பணிவாக.

"ஜன்னல்?"

"இல்லீங்க."

"பின்வாசல்?"

"அதுவும் இல்லீங்க."

"காற்றோட்டம்?"

சின்னையாவின் துண்டு பறந்து போயிற்று. "திருப்தி," என்று எழுதிக்கொண்டார் தணிகாசலம். சுவர் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. ஆகவே அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

"பிள்ளையைக் கூப்பிடுங்க."

"பழைய வீட்டுல காவலுக்கு இருக்கா சார்."

"காவல் எதுக்கு?"

"அங்க கதவு இல்லையே."

தணிகாசலத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஞானம் ஓடிப்போய் முல்லைக்கொடியைக் கூட்டி வந்தான். வாசலில் பாயை நிறுத்தி வைத்துவிட்டு வந்தாளாம். வந்ததும் வராததுமாக அவள் அலுவலரின் எதிரே போய் நின்றாள்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா?"

"நீ படி..." என்று நான்கு வாய்கள் திறந்தன. தணிகாசலம் கையைத் தூக்கினார். படிவத்தில் 'மாணவர் கூற்று' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"சார், நல்வரவுங்கிறது வெளியே இருந்து வர்றவங்க படிக்கிறதுக்கு எழுதினது. நாம நிக்கிற இடம் எல்லைக்கு வெளியே. கோணம்பட்டியைப் போன தை மாசமே நகராட்சியோட சேர்த்துட்டாங்க. எங்க வீடு இருந்த இடத்துலயே உள்ளேதான் இருந்துச்சு."

தணிகாசலம் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். விரலை நக்கிப் புரட்டினார். "கோணம்பட்டி, வார்டு பத்தொன்பது. உள்ளே. இந்த இடம் வெளியே, நாலடி." பேனாவை மூடினார். "விண்ணப்பம் தள்ளுபடி ஆக வேண்டியது. பிள்ளை உள்ளே குடியிருக்கிறதால பிழைச்சுது. வார்டு பத்தொன்பதுன்னு போட்டுக் கையெழுத்துப் போடறேன். குடும்பம் உடனே அங்க போகணும். தகப்பனார் மட்டும் இருங்க, மூணு பிரதியில கையெழுத்து வேணும்."

மருதப்பனுக்குத் தள்ளுபடி என்றது காதில் விழுந்தது, பிழைத்தது என்றது விழுந்தது. நடுவில் இருந்தது விழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

உடனே என்றால் உடனேதான். அஞ்சலை எரிகிற அடுப்பை அணைக்காமலே தூக்கினாள். ஞானம் முல்லைக்கொடியைத் தோளில் போட்டுக்கொண்டான். "மாமா, பெரியப்பா என்ன செய்யறார் பாருங்க..." என்று அவள் கத்தியது "படி, படி" என்ற சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. கடைசியாகப் போன சின்னையா பொறுப்பான மனிதர். வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகலாமா? கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டி, பூட்டைத் தொங்கவிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை மடியில் செருகிக்கொண்டு ஓடினார்.

மூன்றாவது பிரதியில் முத்திரை விழுந்தபோது மணி நாலு இருபது. தணிகாசலம் மையை ஊதிக் காயவைத்து, சான்றை மருதப்பன் கையில் கொடுத்தார். இருவரும் எழுந்து கதவை இழுத்தார்கள்.

"பூட்டியிருக்கு," என்றார் தணிகாசலம்.

"அண்ணன் சார். பொறுப்பானவர்."

"அய்யா! யாராவது இருக்கீங்களா?" தணிகாசலம் கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "ஜன்னல் வழியா கூப்பிட்டா?"

"ஜன்னல் இல்லைன்னு எழுதிட்டீங்களே சார்."

"பின்வாசல்?"

"அதுவும் இல்லைன்னுதான்."

இருவரும் கதவின் நிழலில் உட்கார்ந்தார்கள். மணி நாலரை. மருதப்பன் சான்றைப் பார்த்தார். மகளின் பெயர், முத்திரை, எல்லாம் இருக்கிறது. ஐந்து மணிக்கு இது பள்ளியில் இல்லையென்றால் இடம் அடுத்த பிள்ளைக்கு. அடுத்து யாரு, அடுத்து யாரு என்று எழுத்தரின் குரல் காதுக்குள் கேட்டது. கதவில் தலையைச் சாய்த்து அழுதே விட்டார்.

அப்போதுதான் ஆடு வந்தது.

கதவின் இடப்பக்கமாக நிதானமாக நடந்து வந்து, இருவரையும் பார்த்து, மருதப்பன் கையிலிருந்த சான்றைக் கவ்விக்கொண்டு, கதவின் வலப்பக்கமாக நிதானமாகப் போயிற்று.

"ஐயோ, என் பிள்ளை படிப்பு!" மருதப்பன் பாய்ந்தார். ஆட்டின் காதைப் பிடித்து, வாயைப் பிளந்து, காகிதத்தை உருவினார். ஒரு மூலை போயிருந்தது. முத்திரை தப்பியது. மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

எதிரே ஏழாம் எண் தகடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டு தொங்கியது. பக்கத்தில், எட்டினால் தொடும் தூரத்தில், பலகையில் சாய்த்த அவருடைய சைக்கிள். மருதப்பன் பூட்டைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கதவுக்கு இந்தப் பக்கம் ஆகாயம், அந்தப் பக்கமும் அதே ஆகாயம். பரம்பரையிலேயே முதல் முறையாக ஒருவருக்குப் பொறி தட்டியது.

"மருதப்பன்!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "எப்படி வெளியே போனீங்க?"

"சார்! சுவரே இல்லை சார்! சும்மா சுத்தி வந்துடுங்க, பின்பக்கம் திறந்துதான் கிடக்கு!"

கதவுக்குப் பின்னால் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு தணிகாசலத்தின் குரல், மெதுவாக, அரசாங்கத் தோரணையில்:

"பின்வாசல் இல்லைன்னு எழுதி முத்திரை வெச்சாச்சு. இப்ப நான் பின்பக்கமா வெளியே வந்தா சான்று பொய்யாயிடும். சான்று பொய்யானா உங்க பிள்ளைக்கு இடம் போயிடும். என்ன சொல்றீங்க?"

மருதப்பன் ஒரே தாவலில் சைக்கிளில் ஏறினார்.

"நீங்க உள்ளேயே இருங்க சார்!"