விதைக்கு விட்ட அவரை

உமையாள் அம்மா தன் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் தியானம் சொல்லிக் கொடுத்தார். வந்தவர்களில் அருணகிரிதான் வயதில் மூத்தவர். அம்மாவுக்கு நாற்பது வயது. அவருக்கு ஐம்பத்து நான்கு. மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் தவறவிட்டதில்லை.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் எழவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். எனக்குக் கோபம் போயிடுச்சு."

"எப்படித் தெரிஞ்சுது?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்த நகரில் அவர் வீடு. பக்கத்து மனையும் அவர்களுடையதுதான். அதில் அவர் மனைவி திலகவதியும் மகள் கயல்விழியும் காய்கறி போட்டிருந்தார்கள். கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை, பந்தலில் அவரை. ஏழு கோழிகள் வேறு. அந்த வீட்டில் காய் வாங்க யாரும் கடைக்குப் போய் நாலு வருடம் ஆகிறது.

நகர் நலச்சங்கச் செயலாளர் ராஜமன்னாருக்குத் தோட்டம் பிடிக்கவில்லை. நகரின் முகப்பே காடு மாதிரி இருக்கிறது என்பார். போன வாரம் திலகவதி மகளோடு தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். தெருவோரம் களைக்கொல்லி அடிக்க வந்த ஆட்களிடம், வேலிக்கு உள்ளேயும் அடிக்கச் சொல்லிவிட்டார் ராஜமன்னார். சில நாளில் எல்லாம் கருகிவிட்டது.

"அவரே வந்தாரும்மா. புதர்னு நினைச்சுட்டேன், கடைதான் பக்கத்துலயே இருக்கே, வாங்கிக்கலாமேன்னார். பழைய அருணகிரியா இருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பான். நான் சிரிச்சேன். மன்னிச்சுட்டேன், போயிட்டு வாங்கன்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்களை மாதிரி ஒரு மனுஷனைப் பார்த்ததில்லைன்னுட்டுப் போனார்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"திலகா நாலு நாளா எங்கிட்ட பேசல. அவளுக்கு இன்னும் பற்று விடல. என்ன சொல்லித் தேத்தறதுன்னு உங்களைக் கேக்கத்தான் உக்காந்திருக்கேன்."

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வண்டியை எடுங்க சார்."

தோட்டம் முழுக்கப் பழுப்பாகக் கிடந்தது. திலகவதி கைகளில் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டு செத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கயல்விழி அவற்றைச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தாள். கருகிய கீரையைக் கொத்திவிடும் என்று கோழிகளைக் கூண்டைவிட்டு வெளியே விடவில்லை. அவை கத்திக்கொண்டே இருந்தன.

"மண்வெட்டி எங்க இருக்கு சார்?"

அருணகிரி சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் போனார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

கயல்விழி கூண்டின் மேலிருந்து மண்வெட்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோண்டினார். கத்தரிப் பாத்தி முடிந்து அவரைப் பந்தலுக்கு வந்தபோது திலகவதி குறுக்கே வந்து நின்றார்.

"அதை மட்டும் விட்டுடுங்க."

"ஏன் அக்கா?"

"விதைக்கு விட்டது. ஒவ்வொரு வருஷமும் நல்ல கொடியாப் பார்த்துப் பார்த்து எடுத்த விதை. இன்னும் இருபது நாள் இருந்திருந்தா முத்தியிருக்கும். கையில இருந்ததையெல்லாம் இந்தத் தடவை விதைச்சுட்டேன். இனி ஒண்ணுகூட இல்ல."

அம்மா ஒரு காயைப் பறித்துப் பிளந்தார். உள்ளே விதைகள் வெறும் தோலாகச் சுருங்கியிருந்தன.

"நீங்க அவர்கிட்ட போய்க் கேக்கலையா?"

"கேக்காம இருப்பேனா? நேரா அவர் வீட்டுக்குப் போனேன். உங்க வீட்டுக்காரரே பெரிய மனசு பண்ணி மன்னிச்சாச்சு, நீங்க எதுக்கும்மா மறுபடியும் கிளர்றீங்கன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்திட்டார்."

திலகவதி குரலை உயர்த்தவில்லை. ஒரு வெண்டைச் செடியைப் பிடுங்கிச் சாக்கில் போட்டார்.

"சங்கத்து வாட்ஸ்அப்புல எல்லாரும் அப்பாவுக்குக் கும்பிடு போட்டு வச்சிருக்காங்க" என்றாள் கயல்விழி.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அந்த முகத்தை அருணகிரி பார்த்ததே இல்லை.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும் அக்கா?"

"அந்த ஆளு இங்க வந்து நின்னு இதையெல்லாம் பார்க்கணும். மத்ததெல்லாம் அப்புறம்."

"அவர் வரமாட்டார். நாம இதைக் கொண்டு போவோம். அவர் வீடு எது?"

"தெருமுனையில, பச்சை கேட்டு."

பெண்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டார்கள். திலகவதியும் மகளும் முன்னால் நடந்தார்கள். அருணகிரி வேலிக் கதவருகே அம்மாவை மறித்தார்.

"அம்மா, கோபத்தை விடச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே? நான் மன்னிச்சது தப்பா?"

அம்மா சாக்கை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"மன்னிக்கிறது நல்ல காரியம் சார். நீங்க ஒரு செடி வைங்க. தினம் தண்ணி ஊத்துங்க. அதை யாராவது கருக்கினா, அப்போ மன்னிங்க."