காந்திமதியின் பத்தாயிரம் அடி

புதிருக்கு விடை சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவசரப்பட வேண்டாம். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. அதனால்தான் சிக்கலே.

பாளையங்கோட்டையில் காந்திமதி, வடிவு என்று அக்கா தங்கை இருவர். அக்காவுக்குச் சர்க்கரை. அயர்லாந்தில் வேலை பார்க்கும் அவள் மகள் செண்பகா, நடந்தால்தான் குறையும் என்று, அடியை எண்ணும் வாட்ச் ஒன்றை வாங்கி அனுப்பினாள். பத்தாயிரம் அடி முடிந்ததும் அது மணிக்கட்டில் அதிரும். மகள் போனுக்கும் கணவர் சங்கரலிங்கம் போனுக்கும் ‘காந்திமதி முடித்துவிட்டார்’ என்று செய்தி போகும். மழை, காய்ச்சல், கல்யாண வீடு எதற்காகவும் அவள் ஒரு நாள் விட்டதில்லை. முதலில் சர்க்கரைக்காக நடந்தவள், போகப்போக எண்ணுக்காக நடந்தாள். தங்கை வடிவோ பாங்கில் உட்கார்ந்தே காலம் தள்ளியவள். குதிகால் வலியைச் சாக்கு வைத்து, தெருமுனைக் கடைக்கும் ஆட்டோ பிடிப்பாள்.

அப்படி விடாமல் நடந்து ஒரு வருடம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது காந்திமதிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். வளையலையும் தோட்டையும் கழற்றிக் கணவரிடம் கொடுத்தாள். வாட்சை மட்டும் தங்கை கையில் கட்டி, தன் போனையும் அவளிடமே கொடுத்தாள்.

“எனக்காக நீ நட. நான் வந்து கேக்குற வரைக்கும் கழட்டக் கூடாது, என்ன?”

“இதென்னக்கா கள்ளாட்டம்?” என்று சிரித்தாள் வடிவு.

“சத்தியம் பண்ணுட்டி.”

வடிவு கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நாலாம் நாள் காந்திமதி இறந்துபோனாள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்தார்கள். நாற்காலி போடுவதும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுமாக வடிவு அன்று உட்காரவே இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் மணிக்கட்டு அதிர்ந்தது. பெட்டியின் மேல் கிடந்த சங்கரலிங்கத்தின் போன் ஒளிர்ந்தது. ‘காந்திமதி முடித்துவிட்டார். வாழ்த்துகள்!’ அவர் போனைப் பார்த்தார். பெட்டிக்குள் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். அடுத்த நிமிடமே, வழியில் விமானம் மாறக் காத்திருந்த செண்பகா கூப்பிட்டாள்.

“சித்தி, அம்மா நடக்காள்லா? என்கிட்ட ஏன் பொய் சொன்னிய?”

வாட்ச் தன் கையில் இருப்பதை வடிவு அழுதுகொண்டே சொன்னாள்.

தகனம் முடிந்த மறுநாளே சங்கரலிங்கம் கேட்டுவிட்டார். “கழட்டிரு வடிவு. போன் அடிக்கும்போதெல்லாம் நான் வாசலப் பாக்கேன். என்னால முடியல.”

செண்பகா தடுத்தாள். “கழட்டிராதிய சித்தி. அந்த எண்ணு ஏறுற வரைக்கும் எனக்கு அம்மா இருக்கா.”

இருவர் சொன்னதையும் வடிவு கேட்டுக்கொண்டாள். வாட்ச் கையிலேயே இருந்தது, நடையும் நிற்கவில்லை. கொடுத்தவள் வந்து கேட்கவில்லையே! சாம்பலாகிப் போனவள் எப்படி வந்து கேட்பாள் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனாலும் அதைக் கழற்றினால், அக்காவுக்குத் தன் கையாலேயே இன்னொரு முறை கொள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள்.

அக்காவின் நடைக் கணக்கில் ஒரு வருடம் நிறைந்தது. போன் திரை வாணவேடிக்கை காட்டியது. இத்தோடு விட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். விடிந்து பார்த்தால், எண் பூஜ்யத்தில் நின்று அவளுக்காகக் காத்திருந்தது. வீங்கிய குதிகாலோடு மறுபடி தெருவில் இறங்கினாள். அக்காவைப் போலவே இடது கையை அகல வீசி நடக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. சாவுச் செய்தி எட்டாத ஒரு பெண், பின்னாலிருந்து “காந்திமதிக்கா!” என்று கூப்பிட்டாள்.

“என்னம்மா?” என்று திரும்பினாள் வடிவு.

திரும்பிய பிறகுதான் அக்காவின் பெயருக்குத் தான் திரும்பியது உறைத்தது. அப்படியென்றால் வடிவு எங்கே போனாள் என்று நடுத்தெருவில் நின்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பதினாறாம் நாள் வந்தது. படத்துக்கு மாலை போட்டு, முன்னால் புதுச் சேலையும் பலகாரமும் வைத்திருந்தார்கள். “வாட்சையும் இங்க வச்சிரு. அவளோட போகட்டும்” என்றார் சங்கரலிங்கம். “என்கிட்ட தாங்க சித்தி, நான் நடக்கேன்” என்று கை நீட்டினாள் செண்பகா. உறவுக்காரர்கள் முன்னாலேயே அப்பாவும் மகளும் வார்த்தையை விட்டார்கள். அப்போது வடிவின் வாயிலிருந்து காந்திமதியின் குரல் வந்தது.

“ஏட்டி வடிவு, போதும். குடுத்திரு.”

அதே கட்டைக் குரல், அதே இழுவை. தன் தொண்டையிலிருந்துதான் அது வந்தது என்று வடிவுக்குத் தெரிந்தது. சொன்னது தான்தானா என்பது மட்டும் தெரியவில்லை. அவள் விரல்கள் வாட்சைக் கழற்றிக்கொண்டிருந்தன.

செத்தால் அவ்வளவுதான், அப்புறம் ஒன்றுமில்லை என்று எப்போதும் பேசுகிற சங்கரலிங்கம், “சரி காந்திமதி” என்று இரண்டு கைகளையும் ஏந்தினார். செண்பகா முந்திக்கொண்டு வாட்சைப் பிடுங்கினாள். “இது சித்தி பேசுனது. எங்கம்மா இல்ல!” என்று கத்திவிட்டு, அதைத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். வடிவு சத்தியத்தைக் காத்தாளா, இல்லை, பொய்க்குரல் கொடுத்துத் தப்பித்துக்கொண்டாளா? கழற்றிய தங்கை, நம்பிக் கையேந்திய கணவர், நம்ப மறுத்த மகள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

வடிவு செய்ததே சரி. அவள் வாக்குத் தவறவுமில்லை. அத்தனை நாளும் நடந்தவை வடிவின் கால்கள். அவை காந்திமதியின் அடிகள் என்று போன் சொன்னபோது கணவர் வாசலைப் பார்த்தார், தெருவில் போனவள் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், மகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உயிரோடிருந்தாள். ஓர் உடம்பின் நடையை அம்மாவுடையது என்று எடுத்துக்கொண்டவள், அதே உடம்பின் குரலை மட்டும் சித்தியுடையது என்று தள்ள முடியாது. வந்து கேட்க வேண்டியவள் வந்து கேட்டுவிட்டாள், வடிவுக்கு விடுதலை கிடைத்தது. சங்கரலிங்கமும் அந்தக் குரலுக்குத் தலையாட்டிவிட்டதால் அதன்பின் வாசலைப் பார்க்கவில்லை. செண்பகாதான் அந்தக் குரலை வேண்டாம் என்றவள். ஆகவே, போதும் என்று அவளிடம் சொல்ல இனி ஒருவரும் இல்லை. அயர்லாந்தில் அவள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள்.